மொக்கையன் பேரில் ஒரு கணக்கு

காசிமாயன் இறந்து வருஷம் திரும்பியதும் அவருடைய மகன்கள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். போடியில் இது ஒரு செய்தியே அல்ல. ஏலக்காய் விலை ஏறினால் இனி தனியாகவே பிழைத்துக்கொள்ளலாம் என்று பிரிவார்கள். இறங்கினால் இவனால்தான் இறங்கியது என்று பிரிவார்கள். தோட்டம், ஜீப்பு, போடி வீடு எல்லாம் பெரிய சத்தமில்லாமல் முடிந்தது. கடைசியில், கையால் தொட முடியாத, மூட்டை கட்ட முடியாத, தராசில் ஏறாத ஒரு சாமானில் வந்து சிக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு கடைத்தெருவில் எங்களுக்கு வியாபாரத்தில் கவனம் குறைந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவன் கூறு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். மூத்தவன் ஒரு கூற்றில் கொஞ்சம் கொழுப்பாக வைத்தால் தம்பி அதைத்தான் எடுப்பான். அதனால் கூறு வைக்கிறவன் மனசறிந்து சரிபாதியாக வைத்தே தீர வேண்டும். அண்ணன் தம்பிக்குள் அன்பு இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும், இருந்தால்தான் கெடும்.

கூறு வைத்தவன் மூத்தவன் பிரதீப். போடி டவுனில் இருந்துகொண்டு காய் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறவன். எடுத்தவன் நிலவன். போடிமெட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் தோட்டத்திலேயே தங்கி, வேலையாட்களையும் ஸ்டோரையும் பார்த்துக்கொள்கிறவன். பச்சைக் காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்துக்குத்தான் மலையில் ஸ்டோர் என்று பெயர். சாட்சி சொல்ல உட்கார்ந்தவர், இவர்கள் அப்பா காலத்திலிருந்து இந்தத் தோட்டத்துக் காயை வாங்குகிற சம்சுதீன். அவருடைய சரக்குக் கிட்டங்கியில்தான் பேச்சு நடந்தது. பின்னால் பெண்கள் காயைச் சல்லடையில் ஆட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயவே இல்லை. ஆனால் இங்கே குரல் உயர்ந்ததும் கொஞ்சம் மெதுவாக ஆட்டினார்கள்.

நிலவன் தன் கூற்றைத் தொட்டு எடுத்துவிட்டு, எழுந்து போகிறவன் மாதிரி நின்று கேட்டான்.

"கேம் கணக்கு எந்தக் கூறுல இருக்கு?"

பிரதீப் முதலில் சிரித்தான். அப்புறம் தம்பி சிரிக்கவில்லை என்று பார்த்தான்.

கம்ப்யூட்டரில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு போடியில் இரண்டு கடை உண்டு. ஒன்று மேல்கடை. அது எந்தத் தெருவிலும் இல்லை. நெட்டில் இருக்கிறது, எங்கேயோ வெளிநாட்டுக்காரன் நடத்துகிறான். அங்கே பணம் கட்டி விளையாட்டு வாங்கினால் தட்டும் வராது, டப்பாவும் வராது. நம் பெயரில் ஒரு கணக்கு இருக்கும், வாங்கினதெல்லாம் அந்தக் கணக்குக்குள் கிடக்கும். இன்னொன்று கீழ்க்கடை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் தவசியின் கடை. டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால், யாரோ உழைத்துச் செய்த விளையாட்டைத் தவசி நகலெடுத்து அதில் ஏற்றிக் கொடுத்துவிடுவான். பிரதீப் மேல்கடை ஆள். நிலவன் கீழ்க்கடை ஆள். வீட்டில் பேச்சு நின்றதற்கு அப்பாவின் சாவு காரணமில்லை, இதுதான் காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது பொய். ஆனால் ரசமான பொய்.

"நீ அதத் தொறந்தே எம்புட்டு வருசமாச்சு? ஒனக்குத்தான் அது ஆகாதுல்ல" என்றான் பிரதீப்.

"ஆகாதுங்கிறது வேற. பங்குங்கிறது வேற. பொறுக்குக் காய் யாரு பொறுக்குனா?"

அதுவும் நியாயம்தான். காய் பறித்து முடிந்த பிறகு செடிக்கு அடியில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி விற்றுக்கொள்வது தோட்டத்துப் பிள்ளைகளின் உரிமை. பள்ளிக்கூடம் படிக்கும்போது இரண்டு பேரும் அட்டை கடித்த காலோடு பொறுக்கி, இதே சம்சுதீனிடம் போட்டு, அந்தக் காசில்தான் மேல்கடையில் ஒவ்வொன்றாக வாங்கினார்கள். அப்போது ஒரே கம்ப்யூட்டர், ஒரே கணக்கு, ஒரே போர்வை.

"சரி, எதுக்குடா ஒனக்கு? வெளையாடவா போற?"

"வெளையாட மாட்டேன். மேல தோட்டத்துல மூட்டம் விழுந்தா சிக்னல் போயிருது. காசு குடுத்து வாங்குன சாமான், நீ யாருன்னு கேட்டு வாசல்ல நிறுத்துது. நான் வாங்குன வீட்டுக்குள்ள போக நான் ஏன் தெனமும் எவன்கிட்டயோ கும்பிடு போடணும்? தவசி குடுத்தது என் பெட்டியில கெடக்கு. மழ பெஞ்சாலும் அது என்னைய ஒண்ணும் கேக்காது."

"திருட்டுச் சாமான் எதுக்குக் கேக்கப் போகுது? டிஸ்க்கு புட்டுக்கிட்டு அம்புட்டும் போனப்ப மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்சியே, மறந்துருச்சா? என்னோடது பெட்டி எரிஞ்சாலும் போகாது. எந்த ஊர்ல, எந்த மிசின்ல தொறந்தாலும் விட்ட எடத்துல நிக்கும்."

"நம்மளோடது. என்னோடதுங்காத."

சம்சுதீன் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே நிலவனிடம் கேட்டார்: உனக்கு வேண்டாம், ஆனால் பங்கு வேண்டும், அப்படியானால் உன் பங்கை என்னதான் செய்வாய்? நிலவன் யோசிக்கவே இல்லை. என் பாதியைப் பூட்டிப் போடுவேன் என்றான். இதைக் கேட்டு சல்லடை ஆட்டிக்கொண்டிருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சம்சுதீனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் பார்த்த பாகப்பிரிவினைகளில் பாதி இப்படித்தான். தனக்கு வருவதைவிட அடுத்தவனுக்குப் போகாமல் இருப்பது முக்கியம்.

பிரதீப்புக்கு அது விளையாட்டாக இல்லை. மதுரையிலும் கொச்சியிலும் இருக்கும் கூட்டாளிகளோடு குழு சேர்ந்து ஆடுகிறவன் அவன். அடுத்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய போட்டி. வீட்டிலிருந்தே ஆடலாம், ஜெயித்தால் கொச்சிக்கு நேரில் கூப்பிடுவார்கள். வருஷக்கணக்காக ஆடிச் சேர்த்த தரவரிசை அந்தக் கணக்கில்தான் இருந்தது. வேறு கணக்கில் நுழைந்தால் அவன் ஒன்றும் தெரியாத புதுப் பையன்.

சம்சுதீன் தனக்குத் தெரிந்த நியாயத்தைச் செய்தார். வியாபாரத்தில் கூட்டாளிகள் பிரிந்தால், மறுநாளே வாடிக்கைக் கடைகளுக்கெல்லாம் சொல்லி அனுப்ப வேண்டும்: இனிமேல் கணக்கு இரண்டு, சரக்கைத் தனித்தனியாகப் போடவும் என்று. சொல்லாமல் பிரிவது பிரிவினை இல்லை, களவு. பிரதீப் ஒரு லோடு விஷயமாகக் கம்பத்துக்குப் போயிருந்த நாளில், நிலவனை உட்கார வைத்துக்கொண்டு மேல்கடைக்கும் அப்படியே ஒரு தகவல் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, கிட்டங்கியில் கம்ப்யூட்டர் பார்க்கும் மருமகள் ஷம்னா இங்கிலீஷில் அடித்தாள். இன்னார் மகன்கள் இன்னார் இருவரும் சம்மதித்துப் பிரிந்துவிட்டார்கள், கணக்கைச் சரிபாதியாக இரண்டு பெயரில் மாற்றித் தரவும், நாணயமான கடை என்று கேள்விப்படுகிறோம்.

"மாமா, இதெல்லாம் அவங்ககிட்ட சொல்லணுமா?" என்று ஷம்னா கேட்டிருக்கிறாள்.

"கடைக்காரன்கிட்ட மறைக்கலாமாம்மா? அடி."

மேல்கடை மரியாதையாகத்தான் பதில் அனுப்பியது. அந்தக் கணக்கு ஒரே ஒரு ஆளுக்கானது. அதைப் பிரிக்க முடியாது, விற்க முடியாது, கொடுக்க முடியாது, எழுதி வைக்கவும் முடியாது. அதைப் பலர் புழங்குவதாகத் தெரிய வந்திருப்பதால், யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஆள் தன் முகத்தையும் அடையாள அட்டையையும் காட்டும் வரை கணக்கு பூட்டப்படுகிறது.

கம்பத்திலிருந்து திரும்பிய பிரதீப் அன்றைக்குக் கிட்டங்கி வாசலில் நின்று பேசியதை இங்கே எழுத முடியாது. சம்சுதீன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடை என்று பெயர் வைத்துக்கொண்டு வாடிக்கையின் வாசலை அவர்களே பூட்டுவார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. நிலவன் மட்டும் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். கிட்டத்தட்ட அவன் கேட்ட பங்கு கிடைத்துவிட்டது.

சங்கதி இதோடு நிற்கவில்லை. கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று சம்சுதீன் கேட்டதும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மொக்கையன் பெயரில் இருந்தது.

கணக்குத் திறக்கும்போது இருவரும் சின்னப் பையன்கள். வயசுக்கு வந்த ஆள் வேண்டும். அப்பாவிடம் கேட்டால் பெல்ட்டைக் கழற்றுவார். அதனால் ஸ்டோர் காவலுக்கு இருந்த மொக்கையனின் அட்டையை வாங்கி, அவரையும் படம் பிடித்து, அவர் பெயரிலேயே திறந்துவிட்டார்கள். எதற்கு என்று அவர் கேட்டபோது சர்க்காரிலிருந்து ஏதோ வரும் என்றார்கள். பாவம், அவர் வருஷக்கணக்காக எதிர்பார்த்தார். "என் பேர்ல எழுதுனீங்களே, அது என்னப்பா ஆச்சு?" என்று அப்பப்போ கேட்பார். ஒரு தடவை பொரோட்டா வாங்கிக் கொடுத்து, வந்துவிட்டது, இதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த மொக்கையனைத்தான் போன மழைக்காலத்தில் தோட்டத்தைவிட்டு இறக்கிவிட்டார்கள். காசிமாயன் காலத்திலிருந்து ஸ்டோரை ஒட்டிய அறையில் குடியிருந்தவர். அவர் பெண்சாதி செத்ததும் அந்த அறையில்தான். விடாமல் சாரல் அடித்த ஒரு வாரம், ஸ்டோர் நிறைய காய். அடுப்புத் தீ அளவு தாண்டி, பச்சை நிறத்தோடு ஏலம் போக வேண்டிய காய் அத்தனையும் பழுப்பாகிவிட்டது. பழுப்புக் காயைக் கடைத்தெருவில் கையில் குலுக்கிப் பார்க்கக்கூட ஆள் கிடையாது. பிரதீப் போடியிலிருந்து ஏறிப்போய், காவல் யார் என்று மட்டும் கேட்டான். அன்றைக்கே சாமான்களை ஜீப்பில் ஏற்றிவிட்டான்.

உண்மையில் அன்று ஸ்டோர் அடுப்படியில் இருந்தவன் நிலவன். நான் பார்த்துக்கிறேன், நீ போய்த் தூங்கு என்று மொக்கையனை அனுப்பிவிட்டு, தவசி ஏற்றிக் கொடுத்த விளையாட்டில் உட்கார்ந்துவிட்டான். தோட்டத்துப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம் கடைத்தெருவுக்கு வராமல் இருக்குமா? எங்கள் எல்லாருக்கும் தெரியும். பிரதீப்பிடம் யாரும் சொல்லவில்லை. அண்ணன் தம்பி விவகாரத்தில் வாய் விட்டால் அடுத்த பறிப்புக்குக் காய் வேறு கிட்டங்கிக்குப் போய்விடும். எங்களுக்கு நியாயம் தெரியாமல் இல்லை, சரக்கு வேண்டும்.

மொக்கையன் இப்போது தேவாரத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவல் இருந்தார். மலையடிவாரம், யானை இறங்கி வந்து தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிடும். அதை விரட்ட ஒரு பரண், ஒரு தகர டின், கொஞ்சம் பட்டாசு. ஒரு சாயங்காலம் சம்சுதீன் நடுவில் உட்கார, அண்ணன் ஓட்ட, தம்பி பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஜீப்பில் போய் இறங்கினார்கள். நிலவன் ஏன் வந்தான் என்றால், தன்னை விட்டுவிட்டுப் பேசிவிடுவார்கள் என்று வந்தான்.

மொக்கையன் மூன்று கல் வைத்துக் கப்பக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், உட்காருங்க என்று சொல்லவில்லை. பிரதீப் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை கிழங்கையே குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்கு என் பேர்ல எழுதுனது இதுதானா?"

"ஆமாண்ணே."

"என்னதுப்பா அது? காடு மாதிரியா, வீடு மாதிரியா?"

"ரெண்டும் இல்லண்ணே. வெளையாட்டுக."

"விக்கலாமா?"

"முடியாதுண்ணே."

"அடகு வைக்கலாமா?"

"அதுவும் முடியாது."

"நாளைக்கு ஒன் மகனுக்குன்னு எழுதி வைக்கலாமா?"

பிரதீப் இல்லை என்று தலையாட்டினான்.

"அவன் பூட்டுனா நீ தொறக்கவும் முடியாது. அப்ப என்னத்தத்தான்யா காசு குடுத்து வாங்குனீங்க?"

பின்னால் நின்ற நிலவன், இதைத்தான் நானும் கேட்கிறேன் என்று முனகினான். மொக்கையன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நிலவன் ஜீப்பு நிழலுக்கு நகர்ந்துகொண்டான்.

"உள்ள இருக்கலாம்ணே" என்றான் பிரதீப். அவன் குரல் இறங்கியிருந்தது. "போடியில நான் காசிமாயன் மகன், அம்புட்டுத்தான். அங்க அப்படி இல்ல. மதுரக்காரன், கொச்சிக்காரன்லாம் என்னையத் தேடுவான். நான் வரலைன்னா ஆட்டத்தையே நிறுத்தி வைப்பான். அது எனக்கு வேற எங்கயும் இல்லண்ணே."

"உள்ள இருக்கலாம்" என்று மொக்கையன் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நானும் ஸ்டோரு ரூம்ல அப்படித்தான் இருந்தேன். எனக்கும் அங்க ஒரு பேரு இருந்துச்சு."

பேச்சு எங்கேயோ போகிறது என்று கண்டதும் சம்சுதீன் தோள் துண்டை எடுத்து விரித்தார். எங்கள் வழக்கம் அது. துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசினால் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. பேரம் படியாவிட்டாலும் யாருக்கும் மானம் போகாது.

"கையக் குடு மொக்கையா. ஒனக்கு என்ன தோணுதோ பிடி. நான் முடிச்சுத் தர்றேன்."

மொக்கையன் துண்டைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்தார், ஆனால் நீட்டவில்லை.

"துண்டுக்குள்ள பேசுற அளவுக்கு என்கிட்ட சரக்கு இல்ல பாய். மொகந்தானே காட்டணும், காட்டுறேன். எனக்கு ஒண்ணும் வேணாம். என் பேருன்னா என் போன் நம்பரையே அதுல போட்டுக்கச் சொல்லுங்க."

இவ்வளவு லேசாக முடிந்ததில் சம்சுதீனுக்கே சந்தேகம். கேட்காமல் கொடுக்கிறவனை வியாபாரி நம்ப மாட்டான். பிரதீப் எதையும் யோசிக்கும் நிலையில் இல்லை. அட்டையைப் பிடிக்கச் சொல்லி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லி, கையோடு கொண்டுவந்த மிசினில் காட்டினான். நம்பர் கேட்ட இடத்தில் மொக்கையனின் பட்டன் போன் நம்பரைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் கணக்கு திறந்தது. மொக்கையன் கிழங்கை இறக்கி, பால் இல்லாத கட்டன் டீ ஊற்றி, சம்சுதீனுக்கு மட்டும் கொடுத்தார்.

அந்த ஏற்பாட்டின் முழு அர்த்தம் வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரதீப்புக்குத் தெரிந்தது. ஒரு தடவை பூட்டித் திறந்த கணக்கு என்பதால், ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் மேல்கடை ஒரு ரகசிய எண்ணை மொக்கையனின் போனுக்கு அனுப்பும். அவர் சொன்னால்தான் இவன் நுழையலாம். நம்பரை மாற்ற வேண்டுமானால் மறுபடி அவர் முகம் வேண்டும். அதற்குப் பிறகு தினமும் பிரதீப் தேவாரத்துக்குப் போன் அடித்தான். மொக்கையன் சில நாள் சொன்னார். சில நாள், இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன், அப்புறமா கூப்பிடு என்றார். ஒரு நாள் ஆனை நிக்குதுப்பா, பேசாம வை என்றார். நிஜமாகவே நின்றதா என்று யாருக்குத் தெரியும்? கடைத்தெருவில் பிரதீப்பைப் பார்த்தால் எவனாவது, "மாப்ளே, மொதலாளி உத்தரவு குடுத்துட்டாரா?" என்று கேட்பான். பிரதீப் கேட்காத மாதிரி போவான்.

போட்டி வந்தது. ஞாயிறு மத்தியானம், மெட்டுப் பக்கம் கருத்துக் கிடந்தது. போடி வீட்டின் நடுவே எழுப்பிய சுவர் இடுப்பளவில் நின்றிருந்தது, பூச்சு இல்லை. அடுப்படி பொது, அம்மா ஈஸ்வரியைக் கூறு வைக்க இரண்டு பேருக்கும் தைரியம் வராததால் அவர்தான் இரண்டு பக்கத்துக்கும் ஒரே உலையில் பொங்கிக்கொண்டிருந்தார். பறிப்புக்காலத்தில் தோட்டத்துக்கும் போய் ஆட்களுக்குச் சோறாக்கிப் போடுகிறவர். நிலவன் அன்று வாராந்தரச் சாமான் வாங்க இறங்கி வந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் பிரதீப் கம்ப்யூட்டர் முன்னால், காதில் கருவி மாட்டி, மதுரைக்காரனுக்கும் கொச்சிக்காரனுக்கும் இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். போனைச் சத்தமாக வைத்து மேசையில் போட்டுவிட்டு விரலைத் தயாராக வைத்துக்கொண்டான்.

"மொக்கையண்ணே, நம்பர் வந்திருக்கும். வெரசாச் சொல்லுங்க. ரொம்ப நேரம் நிக்காது அது."

"வந்திருக்கு. இரு, வெளிச்சத்துக்கு வர்றேன்."

தகரத்தில் எதுவோ உரசும் சத்தம் கேட்டது.

"நாலு" என்றார். பிரதீப் அடித்தான். "ஏழு. அப்புறம் ரெண்டு. ரெண்டுதான். அடுத்தது ஒம்போது. மறுபடி ரெண்டு."

அதோடு நிறுத்திக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்குண்ணே."

"இருக்கு. என் கண்ணு முன்னாடிதான் இருக்கு. அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும் பெரிய தம்பி. காய் கருகுச்சே, அன்னைக்கு அடுப்புக்கிட்ட யாரு இருந்தா?"

"என்னண்ணே இந்த நேரத்துல. நீங்கதான்."

"அப்படிச் சொல்லித்தான் நீ என்னைய எறக்கிவிட்ட. ஒன் தம்பி பக்கத்துல இருந்தாக் கேட்டுச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

பிரதீப் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தான். நிலவனின் கை சோற்றில் நின்றிருந்தது. திரையில் நேரத்தைக் காட்டும் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. காதுக் கருவிக்குள் கொச்சிக்காரன் மலையாளத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"டேய். நீயா?"

நிலவன் இடக்கையால் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

"சொல்லித் தொலைடா. ஒரு வார்த்த."

நிலவன் மறுபடி சோற்றைப் பிசைந்தான். "அந்தக் கணக்கப் பூட்டணும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றான்.

அடுப்படியிலிருந்து ஈஸ்வரி வந்தார். கையில் குழம்புக் கரண்டி. யாரையும் பார்க்காமல் மேசை மேல் கிடந்த போனைப் பார்த்துச் சொன்னார்.

"இவன்தான்ப்பா. ஒன்னையத் தூங்கப் போகச் சொல்லிட்டு இவன்தான் இருந்தான். கம்ப்யூட்டர்ல கெடந்தான். அதான் தீ ஏறிப்போச்சு. போதுமா? அந்த நம்பரச் சொல்லிருப்பா."

போனில் மறுபடி தகரம் உரசியது.

"ஆத்தாவா பேசுறது?"

"ஆமா."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும் ஆத்தா?"

"அன்னைக்கே தெரியும்."

"நான் பெட்டியத் தூக்கிட்டு எறங்கையில வாசல்ல நின்னு, மழையா இருக்கு, குடிச்சிட்டுப் போன்னு கட்டன் போட்டுக் குடுத்தீங்களே. அப்பவுமா?"

ஈஸ்வரி கரண்டியை மற்றக் கைக்கு மாற்றினார். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டி, புதுச் சுவரின் செங்கலில் விழுந்தது.

லைன் துண்டானது. திரையில் வட்டம் மறைந்து, புது எண் அனுப்பவா என்று மேல்கடை கேட்டது. பிரதீப் அழுத்தினான். போனை எடுத்துத் தேவாரத்துக்கு அடித்தான். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நிலவன், அம்மா, கொஞ்சம் ரசம் ஊத்து என்றான்.

ஈஸ்வரி நகரவில்லை.